ஒன்பதாவது மலர்வளையம்

இப்படியான கதைகளுக்கு நான் ஆளில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் நூல் கட்டப் போவார்கள், நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். முனியைக் கண்டேன், பேயைக் கண்டேன் என்று வந்தவர்களிடம் "என்ன குடிச்சனீர்?" என்று கேட்டுச் சிரித்தவன். ஆகையால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் அது நியாயம்தான். இது நடந்தது இரவில்கூட இல்லை, பகல் பதினொரு மணிக்கு, வவுனியாவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது.

ஐம்பதுகளின் கடைசி. நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன். நவம்பர் பதினோராம் திகதி வந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காகக் கச்சேரி மைதானத்தில் அஞ்சலி நடக்கும். இன்றைக்கு அப்படி ஒன்று நடந்ததென்று சொன்னால்கூட நம்ப ஆளில்லை. மாரி காலம், ஈர நிலத்தில் கதிரைக் கால்கள் புதையும், பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் சரிந்தபடி கம்பீரமாக இருப்பார்கள். குடியேற்றத் திட்டங்களில் இருந்து சனம் வண்டில் கட்டி வரும். சால்வையில் சிவப்புத் துணியால் செய்த பொப்பிப் பூவைக் குத்தியிருப்பார்கள், அந்தப் பூ எந்தச் செடியில் பூக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் குத்தாமல் வரமாட்டார்கள். பியூகிள் ஊதும் கான்ஸ்டபிள் ஒரு கிழமை முந்தியே பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால் பழகுவார், ஊர் நாய்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து ஊளையிடும். பிறகு அந்த இரண்டு நிமிட மௌனம். கண்டி வீதியில் போகிற பஸ்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்கும். அத்தனை பேர் ஒன்றாக வாய்மூடி நின்றதை நான் அதற்குப் பிறகு எங்கும் காணவில்லை, அதை நினைத்தால் இப்போதும் மனம் இளகிப்போகிறது.

என் வேலை இறந்தவர்களின் பெயரை வாசிப்பது. ஒன்பது பெயர். ஒவ்வொரு பெயரை வாசித்ததும் ஒரு பிரமுகர் எழுந்துபோய் மலர்வளையம் வைக்க வேண்டும். முதலில் அரசாங்க அதிபர், பிறகு நீதவான், டாக்டர், இன்ஸ்பெக்டர் என்று போய், எட்டாவது ஸ்டேஷன் மாஸ்டர், ஒன்பதாவது அரிசிக் கடைக் காசிம் முதலாளி. யாருக்குப் பின்னால் யார் என்பதில் வருகிற கோபதாபம் போரைவிடப் பெரியது.

அஞ்சலிக்கு இரண்டு நாள் முந்தி நெடுங்கேணியில் இருந்து தெய்வானை என்ற அம்மா என் மேசைக்கு வந்தார். ஒன்பதாவது பெயர் அவருடைய ஒரே மகன் குணரத்தினம். மூழ்கிய கப்பலோடு போனவன், உடல் கிடைக்கவில்லை. அந்த வருடம்தான் அவன் பெயர் பட்டியலில் சேர்ந்திருந்தது.

"தம்பி, அவன்ர பேரை வாசியாதேங்கோ" என்றார். "தந்தி வந்தது, அவ்வளவுதான். ஆரும் கண்ணால காணேல்லை. ஊரே எழும்பி நிண்டு அவனைச் செத்தவன் எண்டு சொன்னால், பிறகு நான் ஆருக்கு வழி பாக்கிறது?"

நான் என் மேலதிகாரியான காரியாதிகாரியிடம் கேட்டேன். "மேலிடத்தில இருந்து வந்த பட்டியல், ஒரு எழுத்தும் மாத்தேலாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த அம்மாவின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று எட்டுப் பெயரோடு புதிதாக ஒரு தாள் தட்டச்சு செய்தேன். எட்டோடு ஊதும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னேன். காசிம் முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்தபடி விசயத்தைச் சொன்னேன். அவர் அந்த நாளுக்கென்று புதுத் தொப்பி வாங்கி வைத்திருந்தார்.

"அதுக்கென்ன தம்பி, அந்தத் தாய்ட மனம் நோகப்படாது. எல்லாரும் போனாப்பிறகு நான் என்ர பூவை வைக்கிறன்" என்றார்.

அன்றைக்கு மழை விட்டு வானம் வெளித்திருந்தது. எட்டுப் பெயரையும் வாசித்து முடித்தேன், ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். செய்த களவில் தொண்டை வறண்டு போயிருந்ததால் மேசையில் இருந்த கிளாசை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். நம்பினால் நம்புங்கள், வாய் நிறையத் தண்ணீரோடு பார்க்கிறேன், காசிம் முதலாளி எழும்புகிறார். இருங்கோ என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய் ஒன்பதாவது வளையத்தை வைத்தார். அதற்குப் பிறகுதான் கான்ஸ்டபிள் பியூகிளை ஊதினார். சனம் எழுந்து நின்றது. பெண்களுக்கு நடுவே தெய்வானை அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மௌனம் முடிந்ததும் முதலாளியிடம் ஓடினேன். ஏன் எழும்பினீங்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானே வாசிச்சீங்க, தம்பி. நெடுங்கேணி குணரத்தினம், கிளியன் எண்டு. ஆர் அந்தக் கிளியன்?"

எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை, கிளியன் என்று ஒருவரையும் தெரியாது. கான்ஸ்டபிளிடம் கேட்டேன், "எட்டெண்டு சொல்லிப்போட்டு ஒன்பது வாசிச்சீர், நான் என்ன செய்யிறது?" என்று அவர் என்னையே ஏசினார். காரியாதிகாரி கிட்ட வந்து முதுகில் தட்டினார். "மற்றப் பேருகள் ஒண்டும் விளங்கேல்லை, கடைசிப் பேரைத்தான் வடிவா வாசிச்சனீர்."

வாக்கைக் காப்பாற்றவில்லையே என்ற வெட்கத்தோடு தெய்வானை அம்மாவிடம் போனேன். நான் வாசிக்கவில்லை அம்மா, என் வாயில் தண்ணீர் இருந்தது என்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னேன். அவர் அழவில்லை.

"உங்கட குரல்தான், தம்பி. ஆனால் கிளியன் எண்டது நான் குசினிக்குள்ள இருந்து அவனைச் சாப்பிடக் கூப்பிடுற பேர். அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்." பூவளையங்களின் பக்கம் திரும்பினார். "பதினைஞ்சு வருசமா ஒவ்வொரு ராவும் அவனுக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறனான். இனி வேண்டாம். வந்து சொல்லிப்போட்டுப் போட்டான்."

அழுதது நான்தான், கச்சேரி மைதானத்தில், அவ்வளவு பேருக்கு முன்னால்.

அடுத்த வருடம் அவரே வந்து பெயரை வாசிக்கச் சொன்னார். கிளியன் என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். எனக்கு இடமாற்றம் வரும்வரை வருடா வருடம் வாசித்தேன். ஒவ்வொரு முறையும் வாசித்து நிமிரும்போது அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு மெல்லத் தலையை ஆட்டுவார். "நல்லாத்தான் இருந்தது, தம்பி. ஆனால் அண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை."

எட்டுப் பெயர் உள்ள அந்தத் தாள் என் அலுமாரியில் இருக்கிறது, நம்பாவிட்டால் எண்ணிப் பாருங்கள். நான் ஞாபகப் பிசகில் வாசித்திருப்பேன் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் எனக்கு அப்படித்தான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் இன்றைக்கும் வாயில் தண்ணீர் இருக்கும்போது பக்கத்தில் யாராவது பேசினால், விழுங்காமல் அப்படியே நின்றுவிடுகிறேன். பேசியது நானில்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.