ஒற்றைப் பலகைப் படகு

அவளைப் படகுத்துறையில் எல்லோரும் நண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நண்டு பிடிக்கிறவர்கள் அங்கே பலர் உண்டு. ஆனாலும் அந்தப் பட்டம் இவளோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. விலை பேசினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, பிடித்த பிடியை விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை படகுப் பட்டறையில் இரண்டு படகுகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய பழைய மரப்படகின் அடிப்பலகை பிளந்துவிட்டிருந்தது. அதில்தான் அவளும் அவள் அண்ணியும் பல வருடங்களாகக் காயலில் கூண்டு போட்டு நண்டு பிடித்துவந்தார்கள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அதனால் அண்ணிக்கும் பகலெல்லாம் இவளே துணை. முன்பலகையில் உட்கார்ந்து அண்ணி கூண்டைத் தூக்குவாள். பின்னால் நின்று இவள் கம்பு ஊன்றுவாள். போன மழைக்காலத்தில் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். "புதுப் படகு வரட்டும், நானும் கிளம்பிடுவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழைய டயர்களின் மேல் இரண்டு ஃபைபர் படகுகளும் உட்கார்ந்திருந்தன. ஒன்று அகலமானது, அடி தட்டையாக, இரண்டு பலகைகள் போட்டது. மற்றது ஒல்லி, நடுவில் ஒரே பலகை.

பட்டறைக்காரர் முகத்தில் படிந்த வெள்ளைத் தூளைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். "அகலமானது ஆடாதும்மா. ஓரத்துல நின்னே கூண்டு தூக்கலாம். ஆனா சேத்துல மாட்டுச்சுன்னா தள்ளுறதுக்குள்ள உசுரு போயிடும். ஒல்லியானது கணுக்கால் தண்ணியிலயே வழுக்கிட்டுப் போகும். ஆனா கொஞ்சம் கோவக்காரி. தும்மறதா இருந்தாக்கூட நடுவுல உட்கார்ந்துதான் தும்மணும்."

இரண்டையும் பட்டறைக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் இறக்கிக் காட்டினார். அகலமானதன் ஓரத்தில் நண்டக்கா ஏறி நின்றாள். அது லேசாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே திடமாக நின்றது. கைத்தடி வைத்திருப்பவரும் ஏறலாம். அது அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"எத்தனை பேரு போவீங்க?"

"ஒருத்தர்தான்" என்றாள். வார்த்தை வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. திருப்பி எடுக்க நேரமிருந்தும் அவள் எடுக்கவில்லை.

ஒல்லிப் படகு வீட்டு வாசலில் வந்து இறங்கியதும், ஐஸ் ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அழகாத்தான் இருக்கு. அண்ணி எங்க உட்காருவாங்க?"

"உங்களுக்கு நேரமாகலையா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது. அண்ணியின் ஓயாத பேச்சு, இனிமேல் ஒவ்வொரு கூண்டுக்கும் ஆகப்போகும் நேரம், ஏற்றிவிட்டு இறக்கிவிடும் வேலை எல்லாம் நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அந்த அலுப்புக்குப் பயம் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் அண்ணி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். படகைத் தடவினாள். ஒற்றைப் பலகையைப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா வாங்கிட்டியே?"

"காயலுக்குப் போற கால்வாய்ல மண்ணு ஏறிடுச்சு அண்ணி. அகலப் படகு தரை தட்டும். இதுதான் போகும்."

அண்ணி படகிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சிரித்தாள். "போகட்டும். கரையில கூண்டு கழுவ, நண்டு கட்ட ஆள் வேணாமா? அதை நான் பார்த்துக்கறேன். இந்தக் காலுக்காக சுவரைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி நடந்ததுல, கால் தேறலை, தரைதான் தேஞ்சுபோச்சு."

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்பிவிட்டாளே என்பதுதான் நண்டக்காவை உறுத்தியது.

படகு சொன்னபடி ஓடியது. யாரும் போகாத புல் திட்டுகளுக்குள்ளேயெல்லாம் நுழைந்தது. கூண்டுக்குக் கூண்டு நல்ல நண்டு. பேச்சுத்துணை இல்லாத காலைப்பொழுது அவள் ஆசைப்பட்டபடியே அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கரைக்கு வந்தால் அண்ணி கவிழ்த்துவைத்த கூடைமேல் உட்கார்ந்து காத்திருப்பாள். பெரிய நண்டாகப் பொறுக்கி அண்ணியின் பையில் போடுவாள் இவள். "ஏய், விக்கிறதை எல்லாம் எனக்குக் கொடுத்துட்டு எதை விப்ப?" என்று அண்ணி திட்டுவாள். துறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கால்வாய்ல மண்ணு ஏறிடுச்சு, எங்க நண்டு விவரமானவ, அதான் ஒல்லிப் படகா வாங்கினா" என்று பெருமை வேறு.

ஒருநாள் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த நேரம். இருவரும் துறையில் நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தார்கள். இறால்காரர் ஒருவர் தன் மனைவியையும் இரண்டு பெரிய கூடைகளையும் ஏற்றிக்கொண்டு, அகலமான படகில், அதே கால்வாய் வழியாக எங்கும் தட்டாமல் வந்து துறையைத் தொட்டார்.

அண்ணியின் கை நின்றது. அந்தப் படகைப் பார்த்தாள். கால்வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிக்கொண்டிருந்த கயிற்றை இறுக்கினாள்.

"அண்ணி."

"ம்."

"மண்ணெல்லாம் ஏறலை. நான்தான் பொய் சொன்னேன். அங்க அகலப் படகும் இருந்துச்சு. உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குச் சோம்பல்பட்டுட்டேன்."

அண்ணி தடியைத் தேடி எடுத்து எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். நீ சொன்ன பொய்யை ஊரெல்லாம் நான் வித்தேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. எத்தனை பேரு உள்ளுக்குள்ள சிரிச்சாங்களோ!"

அடுத்த நாள் கவிழ்த்துவைத்த கூடைமேல் யாருமில்லை. அதற்கடுத்த நாளும் அண்ணி வரவில்லை. நண்டு கொண்டுபோனால் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வாள். உள்ளே வா என்று சொல்லமாட்டாள்.

நண்டக்கா ஒல்லிப் படகைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோனாள். "கோவக்காரி கவுத்துட்டாளா?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். "அவ மேல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றாள் இவள். அகலமானது நல்லவேளையாக இன்னும் விற்காமல் கிடந்தது. மாற்றிக்கொடுத்தார்.

அண்ணியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "மாத்திட்டேன். வாங்கன்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்லை. இருந்தாலும் கூப்பிடறேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் மேல கோவம் தீரலை, சொல்லிட்டேன்."

"சரி அண்ணி."

"செருப்பை எடு. அந்த ரப்பர் செருப்பு."

அண்ணியைப் படகில் ஏற்றுவதற்கே பெரும்பாடாகிவிட்டது. கால்வாயைத் தாண்டிக் காயலுக்குள் வந்ததும் அண்ணி முன்பலகையிலிருந்து குனிந்தாள். முதல் கூண்டின் கயிற்றை ஒரு கையால் பிடித்து, மறு கையால் படகின் ஓரத்தை அழுத்தி, முனகிக்கொண்டே இழுத்தாள். அந்த நேரத்துக்குள் நான்கு கூண்டு தூக்கியிருக்கலாம். நண்டக்காவுக்குள் அந்தப் பழைய அலுப்பு தலையெடுத்தது. அதைக் கண்டதும் மறுபடி வெட்கமாக இருந்தது. மாற்றியது படகை மட்டும்தானோ என்று தோன்றியது. கம்பைச் சேற்றில் ஆழ ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

கூண்டு மேலே வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு குஞ்சு நண்டு.

"இதுக்கா இந்தப் பாடு?" என்று அண்ணி அதை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். "பார்த்துக்கிட்டு நிக்காத, அடுத்ததுக்குத் தள்ளு."

நண்டக்கா கம்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் படகைத் தள்ளினாள்.