என் மடியில் நின்றுபோன முறம்

பயம் என் கூடப் பிறந்தது. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், பஸ்ஸில் ஏறப் பயம், காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மலைமேல் இருக்கிற எங்கள் குண்டூர் நாட்டில் என்னைப் பெரிய தைரியசாலி என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் மலையில் ராகி விளையும், சாமை விளையும், மிளகு விளையும். உப்பு விளையுமா? உப்புக்கும் சீமெண்ணெய்க்கும் பேளுக்குறிச்சிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே சந்தையை ஒட்டி ஒரு பெரிய கடை இருந்தது. உப்பு, கருவாடு, வெல்லம், துணி, எண்ணெய் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை. எங்களிடம் வாங்கும் மிளகை அங்கே பெண்களை வைத்துப் புடைத்து, சலித்து, சேலத்து லாரியில் ஏற்றுவார்கள். அந்தப் பெண்களை நான் எட்ட நின்று பார்த்ததுதான், ஒரு நாளும் பேசியதில்லை.

அந்த மாசி மாதத்தில் கடை முதலாளி எங்கள் ஊர்க்கவுண்டருக்குச் சொல்லியனுப்பினார். மிளகு புடைக்கப் பத்துப் பெண்கள் வேண்டுமாம், ஆளுக்கு இரண்டு வள்ளம் உப்புத் தருவாராம். உப்புக்காக ஊரே அலைந்த நேரம் அது. உப்பில்லாத களியைத் தின்று தின்று எங்களுக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் உடனே "போயிட்டு வா" என்றுவிட்டார். என் மூத்த ஓரகத்தியும் வருகிறாள் என்பதால்தான் நான் கிளம்பினேன். அவள் வாய்க்குப் பயந்து கரடியே ஒதுங்கிப் போகும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கணக்குப்பிள்ளை எங்களைக் கடை வழியாக விடாமல் சந்து வழியாகக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எதற்குத் தாழ்ப்பாள் என்று அப்போதே எனக்குத் திக்கென்றது.

சுவர் ஓரமாக முறங்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"ஏனுங்க, இத்தன மொறம் இருக்குது. இதுல பொடைக்கறவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?"

"நோம்பிக்குப் போயிருக்காங்க."

"எங்களுக்குத் தெரியாம எந்தக் கோயில்ல நோம்பீங்க?"

"வேலையப் பாரு புள்ள" என்றார் அவர்.

ஆளுக்கொரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் கைக்கு வந்தது பழைய முறம். அதன் ஓரம் பிய்ந்து, தோல் வார் வைத்துத் தைத்திருந்தது. கட்டைவிரல் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. யாரோ ஒருத்தி வருஷக்கணக்காகப் பிடித்த முறம். அவள் எங்கே என்று நினைத்துக்கொண்டே புடைக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்கள் கூடுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு வெகு பக்கத்தில் ஒரு பெண் குரல்.

"உள்ள இருக்கறவங்களே, நீங்க மலைக்காரங்கன்னு தெரியுமுங்க. உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க. முந்தி எங்களுக்குக் கூலியா ராகி அளந்தாங்க. யுத்தம் வந்து வெல ஏறுனதும் காசாக்கிப் போட்டாங்க. அந்தக் காசுல ஒருவேளக் கஞ்சி காய்ச்ச முடியலீங்க. பழையபடி ராகியே குடுங்கன்னு கேக்கறோம். புள்ள பெத்தவளுக்கு ஒரு மாசம் படியளந்து, அவ எடத்த வெச்சிருங்கன்னு கேக்கறோம். அதுக்குத்தானுங்க வேலைக்குப் போகாம வாசல்ல ஒக்காந்திருக்கறோம்."

குரல் நின்றது. திரும்ப வந்தபோது சன்னமாக இருந்தது.

"போன தடவ நான் பெத்த எட்டாம் நாளே வந்து பொடைச்சனுங்க. வராட்டி எடம் போயிருமுன்னாங்க. ஊட்டுல புள்ள பாலுக்கு அழுது அழுது... தங்கலீங்க. இப்ப மறுக்காவும் ஏழு மாசமுங்க."

எங்கள் கைகள் மெதுவாயின. உடனே கணக்குப்பிள்ளை ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே ஓடி வந்தார். "தட்டுங்க! நல்லாத் தட்டுங்க! தெருவுக்குக் கேக்கோணும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கடைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது மிளகு இல்லை, எங்கள் சத்தம். பத்து முறம் தட்டுவது தெருவுக்குக் கேட்டால், தாங்கள் இல்லாமலே கடை ஓடுகிறது என்று வாசலில் இருக்கிறவர்களுக்கு மனசு விட்டுப்போகும். பசியோடு எத்தனை நாள் உட்கார்வார்கள்? இரண்டு வள்ளம் உப்புக்கு அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் விற்றுக்கொண்டிருந்தோம்.

ஐயோ, அப்போது பிடித்ததே ஒரு பயம்! வெளியே போனால் கல்லால் அடிப்பார்களோ? உள்ளே இருந்தால் இப்படியே பூட்டி வைத்துவிடுவார்களோ? போலீஸ் வந்துவிட்டால்? உப்பில்லாமல் திரும்பினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? என் கைகள் நடுங்க ஆரம்பித்தன. மிளகு முறத்துக்கு வெளியே சிதறியது. முறம் கடகடவென்று ஆடியது, தட்டுத் தடுமாறியது, நின்றுவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை. மறுபடி தட்டத்தான் பார்த்தேன், கை எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். அவள் முறமும் நின்றது. அடுத்து அதற்கடுத்தவளுடையது. கடைசியாக ஓரகத்தியுடையது நின்றது. கொட்டகையில் எறும்பு ஊர்ந்தால் கேட்கும். வெளியேயும் பேச்சு மூச்சில்லை. அந்த அமைதியைப் போல் எதற்கும் நான் பயந்ததில்லை.

கணக்குப்பிள்ளை நேரே என்னிடம் வந்தார். "என்ன புள்ள? தட்டு."

நான் மடியிலிருந்த முறத்தையே பார்த்தேன்.

"திமிரா? உங்க மலைக்கு இனி ஒரு கல்லு உப்பு ஏறாது, பாத்துக்க!"

'தட்டறனுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை வெறும் உப்புச் சட்டியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கூடவே எட்டாம் நாள் என்று அவள் சொன்னதும் காதிலேயே நின்றது. மடியிலிருந்த முறத்தை எடுத்துக் கீழே வைத்தேன். அன்றைக்கு நானாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஓரகத்தி எழுந்து சேலையை உதறினாள். "அவ வெச்சுப்போட்டா. நாங்களும் வெச்சுட்டோம். தாப்பாள எடுங்க."

அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் வெளியே வந்தேன். கல் விழும் என்று கண்ணை மூடியிருந்தேன். யாரோ என் கையில் ஒரு சொம்பைத் திணித்தார்கள், தண்ணீர். கதவோரத்தில் வயிற்றில் கை வைத்தபடி ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்று தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "உப்பு எங்கடி?" நான் அழ ஆரம்பிப்பதற்குள் ஓரகத்தி புகுந்து, கணக்குப்பிள்ளை முகத்துக்கு நேரே நான் முறத்தை வீசியதாகச் சொல்லிவிட்டாள்! பாவி, கூசாமல் சொன்னாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரர் என்னைப் புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். மறுநாள் ஊர் கூடியது. ஒரு பெண்பிள்ளையே எதிர்த்து நின்றபோது நாம் பணிவதா என்று பேச்சு எழுந்தது. அந்தப் பெண்கள் கேட்டது கிடைக்கும்வரை பெரிய கடைக்கு மிளகு இறக்குவதில்லை என்று பேசி முடித்தார்கள். அவசரத்துக்கு விற்க வேண்டியவர்கள் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, துறையூர் வரை சுமந்துபோனார்கள். அங்கேயும் உப்புக்குத் தட்டுப்பாடுதான்.

எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. உப்பில்லாத களியைப் பார்த்துக் குழந்தைகள் முகம் சுளிக்கும்போதெல்லாம் என்னால்தானே என்று வயிறு எரிந்தது. யாருக்காவது தலை சுற்றினால்கூட என்னைச் சொல்வார்களோ என்று பயம். ஊரே உப்பில்லாமல் கிடப்பது ஒரு பயந்தாங்கொள்ளியின் கை நடுக்கத்துக்காக என்று தெரிந்தால் என்ன ஆகும்? நான்கு வாரச் சந்தை இப்படிப் போயிற்று.

ஐந்தாம் சந்தைக்குப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். சேலத்து லாரி வெறுமனே திரும்பியதும் முதலாளி இறங்கி வந்துவிட்டாராம். இனிமேல் கூலி ராகியாகவே. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் முடியாது, இருபது நாள் படி. அவள் இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. கூடவே ஒரு சுமை உப்பும் வந்தது.

ஆனி மாதம் நான் சந்தைக்கு இறங்கி உட்கார்ந்திருந்தபோது அந்தக் கதவோரத்துப் பெண் என்னை விசாரித்துக் கண்டுபிடித்து வந்தாள். கையில் துணியில் சுற்றிய குழந்தை. எதுவும் கேட்காமல் என் மடியில் வைத்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் தைரியசாலி எல்லாம் இல்லீங்க. பயத்துல கை நடுங்கி நின்னுபோச்சு. அவ்வளவுதானுங்க."

அவள் சிரித்தாள். "தெரியுமுங்க. நீங்க வெச்சிருந்தது என் மொறமுங்க. தோல் வெச்சுத் தெச்சது, அது சத்தமே வேற. நடுங்கி நடுங்கி நின்னதக் கதவுல காத வெச்சுக் கேட்டுட்டே இருந்தனுங்க."

"அப்பறம்?"

"நானும் அப்படித்தானுங்க நடுங்கிட்டு இருந்தேன். எந்திரிச்சு ஊட்டுக்கே போயிரலாமுன்னு காலக்கூட மடக்கிட்டேன். உள்ளயும் என்னையாட்ட ஒருத்தி பயந்துட்டு இருக்கறான்னு தெரிஞ்சதும் மறுக்கா ஒக்காந்துட்டனுங்க."

குழந்தை கனமாக இருந்தது. இருபது நாள் தாய் பக்கத்திலேயே கிடந்து பால் குடித்த குழந்தை. கீழே போட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.