நாலாவது சாமுவேல்

எங்கள் குடும்பத்தில் சாமுவேல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அப்பா சாமுவேல், அப்பாவின் அப்பா சாமுவேல், அவருடைய தகப்பனாரும் சாமுவேல். ஊரில் வாசல் படலையில் நின்று யாராவது கூப்பிட்டால் இரண்டு தலைகள் ஒன்றாக எட்டிப் பார்க்குமாம். போதாததற்குப் பின்னால் தோர்ன்பி என்றொரு வால் வேறு. யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு இந்தத் தோர்ன்பி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அப்பாவிடம் ஒரு கதை எப்போதும் தயாராக இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்து, ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் கடலுக்கு அப்பால் இருந்த ஓர் அமெரிக்கர் பொறுப்பேற்பார். அந்த நன்றிக்கு அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். கந்தனாக உள்ளே போன எங்கள் மூதாதைப் பையன் சாமுவேல் தோர்ன்பியாக வெளியே வந்தான். சோற்றோடு வந்த பெயர் என்பார் அப்பா.

சிட்னியில் அந்தப் பெயர் எங்களுக்குச் செய்த உபகாரமும் உண்டு, உபத்திரவமும் உண்டு. மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த ஃபைப்ரோ தகட்டு வீட்டை, அப்பாவின் முகத்தைப் பாராமலே, தொலைபேசியில் பெயரை மட்டும் கேட்டுத் தருகிறேன் என்று சொன்னவர், திறப்புக் கொத்தோடு வந்து எங்களைக் கண்டதும் வீட்டுக் கூரை கொஞ்சம் ஒழுகும் என்று மூன்று தரம் சொன்னாராம். அப்பா மூன்று தரமும் பரவாயில்லை என்றாராம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது.

பேப்பர் அன்ரி எங்களைக் கண்டுபிடித்தது தொலைபேசிப் புத்தகத்தில். சிட்னி முழுவதற்கும் அதில் ஒரே ஒரு தோர்ன்பிதான் இருந்தார், அது அப்பா. அன்ரி பரமட்டாவில் தனியாக வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. கல்யாணம் செய்யவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவருடைய தாய்வழிக் கொள்ளுத் தாத்தாவின் பெயரும் சாமுவேல் தோர்ன்பி. தொப்பி, கையுறை, கையில் பழக் கேக் சகிதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்த அப்பாவின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, மிஸ்டர் தோர்ன்பி இருக்கிறாரா என்று கேட்டார். நான்தான் அது என்றார் அப்பா. அந்த அம்மாள் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கேக்கை நீட்டினார். நல்ல மனுசி, வேறென்ன சொல்ல!

அன்று எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து அவர் பெயரின் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. அவரிடம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய தேவாலயப் பட்டியலின் பிரதி இருந்தது. அதில் "சாமுவேல் தோர்ன்பி, இலங்கை" என்று ஒரு வரி. அவருடைய கொள்ளுத் தாத்தாவும் இலங்கையிலிருந்து வந்த கப்பலில்தான் சிட்னியில் இறங்கியிருக்கிறார். ஆகவே தன் கொள்ளுத் தாத்தா இலங்கைக்குப் போன பாதிரியார், அவரே எங்கள் பையனுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று அன்ரி அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார். அப்பாவுக்கும் அது பொருத்தமாகப் பட்டது. யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவுக்கு எழுதி, வேதக் கோயில் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் அம்மா தையல் வகுப்புக்குப் போகும்போது என்னை அன்ரி வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அந்த வீட்டுக்குள் போனால் வெளியில் எத்தனை மணி என்பதே மறந்துவிடும். திரைச்சீலைகள் பாதி மூடியிருக்கும். நிலம் முழுக்கப் பெரிய பெரிய தாள்கள், அதனால்தான் அவர் எனக்குப் பேப்பர் அன்ரி. தாள் முழுக்கப் பெட்டிகள், பெட்டிக்குள் பெயர்கள். நான் வெறுங்காலோடு அவற்றின் நடுவே குப்புறப் படுத்துக்கொள்வேன். வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து, மெதுவாக ஒரு சாமுவேலிடமிருந்து இன்னொரு சாமுவேலிடம் நகரும்.

ஆமாம், அங்கேயும் சாமுவேல்கள்தான்! இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், ஒரே ஊரில் மூன்று சாமுவேல் தோர்ன்பிகள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் தேவாலய மூப்பர், அவருக்கு நீலப் பென்சில். ஒருவர் சப்பாத்து தைப்பவர், அவருக்குப் பச்சை. மூன்றாமவர் கடலோடி, அவருக்குச் சிவப்பு. இலங்கைச் சாமுவேல் நாலாவது ஆள், மஞ்சள். கடலோடியின் பேரன்தான் மஞ்சள் என்பது அன்ரியின் கணக்கு. பழைய பத்திரங்களில் பெயர் ஒன்றேயாக இருக்கும், ஆளைப் பிரிப்பது மனைவியின் பெயரை வைத்து, தொழிலை வைத்து, பக்கத்துக் காணிக்காரனை வைத்து. மூத்த சாமுவேல், இளைய சாமுவேல் என்று எழுதியிருந்தால் தகப்பனும் மகனும் என்று நினைத்துவிடக் கூடாதாம். ஊரில் இருவரில் யாருக்கு வயது கூட என்பதுதானாம் அர்த்தம். ஒரு குழந்தை செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்களாம். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவதுதான் இந்த வேலையில் பெரும் பாவம் என்பார் அன்ரி. அந்தப் பாவத்தைச் செய்யக்கூடாது என்பதற்காகவே பதினைந்து வருடமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய குடியேறிகளின் வழித்தோன்றல்களுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் இருந்தது. பெட்டிகளெல்லாம் சரியாக நிரம்பினால் அதில் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான பேர் கூடுவார்களாம், எல்லாரும் ஒருவருக்கொருவர் தூரத்துச் சொந்தமாம். அதைச் சொல்லும்போது அன்ரியின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிடும். ஞாயிறு மத்தியானம் தனக்கு மட்டும் ஒரு முட்டை அவித்துச் சாப்பிடுகிற மனுசிக்கு அது எப்பேர்ப்பட்ட ஆசை என்று எனக்கு அப்போது எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு சாமுவேல்கள்தான். தாள்களின் மேலேயே தூங்கிப்போவேன். கனவில் நாலு பேரும் பனிக்குள் வரிசையாக நடப்பார்கள், மஞ்சள் ஆள் மட்டும் செருப்பில்லாமல் நடப்பார்.

பெரியப்பாவின் நீலக் கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. அப்பா குசினியில் நின்றபடியே அம்மாவுக்கு அதை வாசித்தார். நான் மேசைக்கு அடியில் பாவைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா கோயில் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டார். அப்படியொரு பாதிரி யாழ்ப்பாணத்துக்கு வரவே இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் இருந்தது ஒரே ஓர் ஆள், எங்கள் ஆள், பாதிரிமார் பெயர் வைத்த பையன். அவர் வளர்ந்து, கல்யாணம் கட்டி, ஓர் ஆண் குழந்தையும் பிறந்த பின், பாதிரிமாரோடு ஏதோ சண்டையில் கொழும்புக்குப் போய் சிட்னிக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். பெஞ்சாதியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத்தான். பிறகு கடிதமே இல்லை. வெட்கக்கேடு என்று குடும்பத்தில் அந்தக் கதையை யாரும் பேசுவதில்லையாம். அமெரிக்கப் பட்டியலில் இருந்ததும் அமெரிக்கர்களின் செலவில் படித்த அந்தப் பையனின் பெயர்தான்.

அப்பா கடிதத்தை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

"இஞ்சரும், அப்ப அந்த மனுசின்ர ஆளும் எங்கட ஆளும் ஒராள்தான்" என்றார்.

"ஓம், அப்ப சொல்லுங்கோவன்" என்றாள் அம்மா.

"என்னெண்டு சொல்லுறது? உங்கட பாதிரி பாதிரியில்லை, கறுத்த மனுசன், கட்டினவளை விட்டிட்டு ஓடி வந்தவன் எண்டோ? பதினைஞ்சு வருசமா அந்தப் பேப்பருகளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது, பாவம்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். அப்பா அன்றே அன்ரியைத் தொலைபேசியில் அழைத்து, கோயில் புத்தகத்தின் அந்தப் பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பக்கம் இரண்டு பக்கமில்லை, ஒரு அலுமாரியையே தின்றுவிட்டதாம். இலங்கைக் கறையான் லேசுப்பட்டதில்லை, தேக்கு மரத்தையே விடாது என்று விளக்கம் வேறு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. இன்று நினைத்தாலும் அப்பாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அன்ரி வீட்டில் நான் வழக்கம்போலக் குப்புறப் படுத்திருந்தேன். அன்ரி மஞ்சள் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாளின் அடியில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் சாமுவேல் தோர்ன்பி. ஒன்று அவருடைய பாதிரி, ஒன்று எங்கள் பையன். பாவம் இந்தக் கறையான், இன்னும் கொஞ்சம் பசி குறைவாக இருந்திருக்கலாம் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். எனக்கோ விடை தெரிந்த பிள்ளையின் அவதி. வகுப்பில் கையைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டேன். இரண்டு பெட்டி தேவையில்லை அன்ரி, இரண்டும் ஒரே ஆள்தான், அவர் பாதிரி இல்லை, யாழ்ப்பாணத்து ஆள், அப்பாவுக்குக் கடிதம் வந்தது, நீங்கள் கவலைப்படுவீர்கள் என்றுதான் அப்பா சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அன்ரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்தார். வெயில் கோடு நீலச் சாமுவேலைத் தாண்டிப் பச்சைச் சாமுவேலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு நேரம். நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் போலும் என்று தூக்கிய கையை இறக்கினேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழிறப்பரை எடுத்தார். பாதிரியின் பெட்டியை மெதுவாக, தாள் கிழியாமல், முழுவதும் அழித்தார். அதிலிருந்து கீழே இறங்கிய கோட்டையும் அழித்தார். எங்கள் பையனின் பெட்டியிலிருந்து ஏற்கெனவே ஒரு கோடு இறங்கி அப்பாவிடமும் என்னிடமும் வந்துகொண்டிருந்தது. இப்போது அதே பெட்டியிலிருந்து இன்னொரு கோட்டை இழுத்துத் தன் பெயர்வரை கொண்டு வந்தார். மேலே கடலோடிக்குப் போன கோட்டை மட்டும் கடைசியாக அழித்தார். படம் முன்பைவிட அழகாக இருக்கிறது என்று நான் மனதாரச் சொன்னேன்.

"நீ சொன்னது அப்பாவுக்குத் தெரியவேண்டாம்" என்றார் அன்ரி. "அந்தக் கறையானை வளர்க்க அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்."

அன்று மாலையே அவர் அந்தப் படத்தை ஒரு பிரதி எடுத்து, எது யார் என்று ஒளிக்காமல் எழுதி, நீண்ட உறைக்குள் போட்டார். தபால் பெட்டியில் போடும்படி என்னிடம் தந்தார். நான் எம்பிப் போட்டேன்.

பதில் வந்ததும் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறையும் பழக் கேக். சங்கத்தில் தன்னைச் சேர்க்க முடியாதாம், பழைய தோர்ன்பிகளுக்கும் தனக்கும் தொடர்பில்லையாம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தவித்துப்போனார். எல்லாம் இந்தக் கறையானால் வந்த வினை, அந்தப் பக்கங்கள் மட்டும் இருந்திருந்தால் என்று தொடங்கி, இன்னும் இரண்டு அலுமாரிகளைத் தின்னக் கொடுத்தார். அம்மா அவரைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்றினாள். அன்ரி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். தோற்றுப்போன மனுசியின் முகத்தில் அழுகையும் இல்லை, கவலையும் இல்லை. கேக்கை வெட்டி முதல் துண்டை அப்பாவின் தட்டில் வைத்தார்.

"நீ நல்ல பிள்ளை, சாமுவேல்" என்றார். "சாப்பிடு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் அப்பாவைச் சாம் என்று பாதியாக வெட்டிக் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு மிஸ்டர் தோர்ன்பி, அதுவரை அன்ரிக்கும் அப்படித்தான். முழுப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பெரியப்பாவும் மாமிமாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அப்பா கேக்கைச் சாப்பிடத் தொடங்கினார். கண் கலங்கியிருந்தது. பொய் சொன்னது பிடிபட்டுவிட்டதே என்றுதான் கலங்குகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த சனிக்கிழமை அன்ரி வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னடி பிள்ளை, என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ எல்லே!" என்று கத்தினேன். "எங்கட அப்பாவை அப்பிடிக் கூப்பிட, அவ எங்களுக்கு ஆர்?"