எங்கள் குரலில் தடுமாறிய மெசின்

வீட்டில் சொன்னதையே திருப்பிச் சொன்னால் தொணதொணப்பு. மைக் முன்னால் சொன்னால் அது வேலை.

'ஆ', 'ஈ' என்று சொல்லியே தொண்டை காய்ந்தவர்கள் எங்காவது இருந்தால், இது உங்களுக்குத்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, என் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட காலம். டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் ஆராய்ச்சிக்காக வந்தார். பேச்சொலிகளைக் கம்ப்யூட்டரே பிரித்தறிய வேண்டுமாம். அதற்குக் குரல் கொடுத்த பெண்களில் நானும் ஒருத்தி.

முதல் 'ஆ'

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. எதிர்மலையில் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டுமே! அதே பழக்கத்தில் வாயைத் திறந்தேன். மிஸ் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டார்.

"அம்மா, மைக் இஞ்சதான் இருக்கு, அங்கால நோட்டன் பிரிட்ஜ் டவுனில இல்லை!"

நூல்கண்டும் கடுகும்

ஒலியின் ஒவ்வொரு துளியையும் அதற்குச் சற்று முந்திய துளியோடு சேர்த்துப் புள்ளி வைத்தால் உருவம் வருமாம். நேர்கோட்டுக் கணக்கில் பிடிபடாத நெளிவெல்லாம் அதில் தெரியுமாம். திரையில் என் 'ஆ' சுற்றிச் சுற்றி வந்து நூல்கண்டாய் நின்றது. 'ஸ்' கடுகு கொட்டினாற்போல் சிதறியது. பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, இதுக்கே இம்புட்டுச் சுத்துதே, வீட்டுல அண்ணன நீங்க திட்டுறதப் போட்டா இந்தத் திரை பத்துமா?"

பிழை கூடும்

ஒரு நாள் மிஸ்ஸின் பேராசிரியர் வந்தார். மிஸ் முன்பே பதிந்திருந்த டவுன் ஆசிரியர்களின் குரலை மெசின் சரியாகப் பிரிக்கிறது, எங்கள் குரலில் தடுமாறுகிறது. "தோட்டத்துப் பெண்களை நீக்கிவிடுங்கள், பிழை குறையும்" என்றார். மிஸ் தலைகுனிந்து நின்றார்.

நான் கோபப்படுகிறவள் இல்லை. முருகனை நினைத்துக்கொண்டேன். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஐயா, நாளைக்கு இந்த மெசின் ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல வந்து உக்காந்துக்கும். அப்ப நாங்க வாயத் தொறந்தா முழிக்கும். இப்பவே கேட்டுப் பழகட்டுங்க. நாங்க மாத்திப் பேச மாட்டோம்."

செல்லம்மாவும் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பிழை கூடுமே" என்றார் அவர் மறுபடியும். அப்போதுதான் மிஸ் நிமிர்ந்தார்.

"கூடட்டும், புரொபசர் சேர். இவையின்ர குரலை நீக்கிறதெண்டால், என்ர ஆராய்ச்சியையும் சேர்த்து நீக்குங்கோ."

எங்கள் குரல்கள் ஆராய்ச்சியிலேயே இருந்தன, அவர் சொன்னபடி பிழையும் கூடியது; சாமி கும்பிடும்போது அந்த மெசினுக்குத்தான் நல்ல புத்தி கேட்கிறேன், எங்கள் வாய்க்கு எதுவும் கேட்பதில்லை.