சாம்பிள் நெல்லிக்காய்

கல்வராயன் மலை நெல்லிக்காயை வைத்து வைட்டமின் சி பற்றி மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தேன். தங்கியது கல்லூரி விடுதியில். மாதம் ஒருமுறை மலைக்குப் போய்க் காய் பறித்துவிட்டு, மூங்கில்துறைப்பட்டில் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அம்மா போனபின் அவர் தனியாகத்தான் இருந்தார். பாதிக் காய்களை எடுத்துக்கொண்டு, மீதியைப் பைகளில் எண் எழுதி அவருடைய ஃப்ரீசரில் வைப்பேன். "சாம்பிள்ப்பா. ஒண்ணுகூடத் தொடாத" என்று ஒவ்வொரு முறையும் அதட்டுவேன்.

அவர் சர்க்கரை மில்லில் வேலை பார்த்தவர். "அதுல அப்படி இன்னாம்மா பாக்குற?" என்று ஒருநாள் கேட்டார். செடி தன் சர்க்கரையைப் படிப்படியாக மாற்றித்தான் வைட்டமின் சி செய்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு என்றேன். மேனோஸ் என்ற சர்க்கரை கேலக்டோஸ் என்ற சர்க்கரையாகும், இன்னும் சில படிகள் தாண்டி, கடைசி நொதி வேலை செய்தபிறகுதான் அது வைட்டமின். ஆடு மாடுகூட வேறு வழியில் தானே செய்துகொள்ளும். மனிதனுக்கு அந்த வழியின் கடைசி நொதி கெட்டுப்போய்விட்டது, தின்றால்தான் உண்டு.

"கடைசி மிஷினு நின்னுட்டா மொத்த மில்லும் தண்டம்தான்" என்றார். சிரித்தேன். அன்றே அவர் ஈறில் சிவப்பு இருந்தது. வெற்றிலை என்று நினைத்தேன், மரமண்டை.

அடுத்தமுறை போனபோது கால்களில் நீலத் திட்டுகள். பற்கள் ஆடின. கள்ளக்குறிச்சி டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"டீயும் பன்னும். அப்புறம் மோர்சோறு. ஒத்த ஆளுக்கு இன்னாத்த ஆக்குறது?"

வைட்டமின் சி இல்லை என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். ஒரு பைகூடப் பிரிக்கப்படவில்லை.

"எடுத்துத் தின்னிருக்கலாமேப்பா."

"நீதான தொடாதன்ன. கரண்டு போனாகூட ஐஸ் வாங்கியாந்து வச்சிகினு இருந்தேன். உன் படிப்பு கெட்டுடக் கூடாதுல்ல."

அடுத்த மாதம் போனபோது மாத்திரையில் ஈறு ரத்தம் நின்றிருந்தது. முன்பற்கள் விழுந்துவிட்டன, கடைவாயிலும் ஒன்றிரண்டுதான் மிச்சம். ஒரு பையைப் பிரித்து, காயைக் கழுவி அவரிடம் கொடுத்தேன். வாயில் போட்டு ஈறால் அழுத்திப் பார்த்தார். பிறகு எடுத்து, வேட்டியில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"கடிக்க முடியலம்மா. நீயே சாம்பிளுக்கு வச்சிக்கோ."