கௌசல்யா தாண்டிப்போன வரிகள்

பகவதிப்பெருமாளுக்கு வந்த எந்தக் கடிதமும் முதலில் அவரிடம் வந்ததில்லை. நாலு வயதில் அம்மை கண்டு பார்வை போனவர். படிக்கிற காலத்தில் ஹாஸ்டல் வார்டன் வாசித்துச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு கௌசல்யா. இரண்டு பேருமே மனத்துக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். கௌசல்யா எங்கேயாவது தாண்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். மூச்சு ஒரு கணம் நிற்கும், அடுத்த வரி கொஞ்சம் உரக்க வரும். முப்பத்தொரு வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்த காது அது. ஆனால் தாண்டியது என்ன என்பது மட்டும் பிடிபடாது. கேட்டால், "ஒண்ணுமில்ல, விலைவாசி எழுதியிருக்கு" என்பாள்.

ஒரு கடிதத்தையாவது முதல் ஆளாக, முழுசாக, தானே வாசித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெளியே சொன்னதில்லை. சொன்னால் கௌசல்யாவைக் குறை சொன்னது போலாகும்.

இரண்டாயிரத்து மூன்றில் மகள் ஆதிரா பெங்களூரிலிருந்து வந்து, கரமனை வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். திரையிலுள்ள ஆங்கிலத்தை உரக்கப் படிக்கிற மென்பொருள் அதில் இருந்தது. ஒன்றரை மாதம் வகுப்புக்குப் போய்ப் பழகிக்கொண்டார். அந்த ஜூலையில்தான் ஆபீஸ் ஓய்வூதியர் சங்கத்தின் ஆங்கில மாத இதழ் தபாலில் வருவது நின்று ஈமெயிலில் வரத் தொடங்கியது. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து மெயிலைத் திறந்தார். யந்திரக் குரல் "கிராஃபிக்" என்றது. அப்புறம் பேச்சில்லை.

சங்கச் செயலாளர் பிச்சுமணி இதழைக் கலரில் அச்சடித்து, அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். கண்ணுக்கு அது எழுத்து. யந்திரத்துக்கு வெறும் படம். கௌசல்யா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

அந்த இதழில் அவர் தேடியது பெரும்பாலும் பூதலிங்கத்தின் பெயரைத்தான். பூதலிங்கம் தபால் பிரிவு கிளார்க். இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் பழவங்காடி ஸ்டாப்பில் காத்து நின்று, இவருக்கு முழங்கையைக் கொடுத்து ரோட்டைத் தாண்டி ஆபீஸ் வரை கூட்டிப்போனவர். ஓய்வு பெற்றதும் ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு குறைந்து, நின்றேபோனது. இரண்டாயிரத்து நாலு மார்ச்சில் ஒன்று, மே மாதம் ஒன்று என்று இவர் சொல்லச் சொல்லக் கௌசல்யா கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறந்துவிட்டானா என்று கேட்டபோது, "வயசாயிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதழை எழுத்தாகவே அனுப்பும்படி பிச்சுமணியிடம் நாலைந்து முறை கேட்டாயிற்று. பார்டர் போய்விடும், சங்க முத்திரை போய்விடும், ஒருத்தருக்காக எப்படி மாற்றுவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஜூன் மாத இதழ் வந்த அன்று பகவதிப்பெருமாள் அவரை போனில் கூப்பிட்டு, ரிசீவரைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிடம் பிடித்துக்கொண்டு மெயிலைத் திறந்தார்.

"என்ன ஓய், லைன்ல ஒண்ணும் கேக்கலியே?" என்றார் பிச்சுமணி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்குமே."

"கிராஃபிக்னு என்னமோ சொல்லித்து."

"அதான் சார் உங்க நியூஸ்லெட்டர். பன்னிரண்டு மாசமா நான் வாசிக்கிறது அவ்வளவுதான்."

பிச்சுமணி பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "கலர்ல எவ்வளவு ஜோரா இருக்கு தெரியுமோ" என்று முனகிவிட்டு வைத்துவிட்டார். மனிதர் எதிலும் அரைகுறையாக நிற்கிறவர் இல்லை. ஜூன் இதழை மட்டுமல்ல, பழைய பதினொன்றையும் எழுத்தாக மாற்றி அடுத்த வாரமே அனுப்பினார்.

அன்று மத்தியானம் கௌசல்யா கண்ணயர்ந்திருந்தபோது பகவதிப்பெருமாள் ஜூலையிலிருந்து ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு தலைப்பாக. முதல் ஆள் அவர் இல்லைதான். ஆனாலும் இடையில் யாரும் இல்லை. பிப்ரவரி இதழின் மூன்றாம் பக்கத்தில் இரங்கல் பகுதி வந்தது. யந்திரம் பெயரை எப்படியோ கடித்துச் சொன்னது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைத்துக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். தபால் பிரிவு, ஓசூர், ஜனவரி பதினேழு. அதற்குக் கீழே, "கிராஃபிக்."

கௌசல்யா காப்பியோடு வந்தபோதும் அவர் கை விசைப்பலகை மேலேயே இருந்தது.

"பிப்ரவரியில இதை நீ பாத்தே" என்றார்.

அவள் காப்பியை மேஜையில் வைத்தாள். "பாத்தேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு கடிதம் எழுதினியே."

"நீங்க சொன்னீங்க, எழுதினேன். போஸ்ட் பண்ணலை. பின்ன என்ன செய்ய? கான்டீன் வேலப்பன் போனப்போ நீங்க மூணு நாள் சோறு திங்காம கிடந்தது எனக்குல்லா தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்து நின்றாள். அவருக்கும் கோபம் வரும் போலத்தான் இருந்தது. ஐந்து மாதம். செத்துப்போனவனிடம் முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார், இவளும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாள். எழுதும்போது மட்டும் அவள் எதையும் தாண்டியதே இல்லை.

"இங்க ஒரு படம் இருக்குன்னு சொல்லுது" என்றார். "என்ன படம்?"

"அவரு போட்டோதான்."

"எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்காரு."

"உன் கையில விட்டா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. நான் அவன் மூஞ்சியப் பாத்ததில்ல கௌசல்யா. இருக்கிறதச் சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவர் மூச்சைக் கவனித்தார், அது நிற்கவில்லை.

"பல்லு முன்னால தள்ளியிருக்கு. அது தெரியாம இருக்க உதட்ட இறுக்கி வச்சிருக்காரு. காது பெருசு. நடு மண்டையில முடியே இல்ல. ஓரத்துல உள்ளத எடுத்து மேல சீவி ஒப்பேத்தியிருக்காரு."

"சுருட்ட முடின்னு சொன்னானே."

"யாரு?"

"அவன்தான். ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறப்ப. சுருட்ட முடி, நெத்தியில வந்து விழுது, வெட்ட நேரமில்லன்னு."

கௌசல்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவரும் சிரிக்கப் போனவர்தான், பாதியில் நிறுத்திக் கையால் டம்ளரைத் தேடினார். காப்பியை ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"கண்ணு எப்படி?" என்றார்.

கௌசல்யா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையருகே குனிந்தாள்.