புரட்டாசி ரத்தம்

என் வீட்டுக்காரர் வருஷாந்திர ரத்தப் பரிசோதனைக்கு எப்போதும் புரட்டாசி கடைசியில்தான் தேதி வாங்குவார். மாதம் முழுக்கச் சைவம் சாப்பிட்ட ரத்தம் அல்லவா! எங்கள் ஊர் டுரியான் துங்கால் பக்கம் அவரோடு லாரி ஓட்டிய கூட்டாளிகளும் அப்படித்தான். ஒரே விரதத்தில் பெருமாளுக்கும் கிளினிக்குக்கும் கணக்குத் தீர்த்துவிடுவார்கள். ரிசல்ட் வந்ததும், “பாரு, பாஸ் லா!” என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டுவார். புரட்டாசி முடிந்த மறுநாளே பாசார் சந்தையில் ஆட்டிறைச்சிக்கு முதல் ஆளாக நிற்பார். நான் வைக்கிற பிரட்டலை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க முடியாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

போன வைகாசியில் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை.

“வருஷா வருஷம் பாஸானவராச்சே!” என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“அது ஒரு மாச ரத்தம்தானே, ஆண்ட்டி. மிச்ச மாசமெல்லாம் கொழுப்பைச் சுமந்துட்டு ஓடுற கெட்ட துகள், ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள போய் மாட்டிக்கும். நம்ம உடம்போட காவல் செல்லுங்க திருடன் வந்துட்டான்னு அதை விழுங்கும். அளவுக்கு மீறி விழுங்கி உப்பிப்போய், ஊரைக் கூட்டும். கூட்டம் சேரச் சேர அந்த இடம் வீங்கி, ஒரு நாள் வெடிச்சு, ரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சிடும்.”

“நல்ல கொழுப்புன்னு ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு. அது அந்த செல்லுங்ககிட்ட இருந்து கொழுப்பை வாங்கிட்டுப் போகும், அதுங்களைச் சாந்தப்படுத்தும். ஆனா அது ஒண்டியா எவ்வளவு சமாளிக்கும், சொல்லுங்க?”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவர் நெஞ்சுக்குள் அத்தனை கூச்சல் நடந்திருக்கிறது. பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே!

இந்த வருஷம் ரத்தப் பரிசோதனைக்கு என் முறை. கிளினிக் நர்ஸ் மிஸி வழக்கம்போலப் புரட்டாசியில் தேதி போட்டார். “வேணாம்மா, தீபாவளி கழிச்சுக் குடு” என்றேன். “என்ன ஆண்ட்டி, எல்லாரும் புரட்டாசியிலதானே கேட்பாங்க?” என்று சிரித்தார்.

துக்க வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, படையல் மட்டும்தான். அவருக்குப் பிடித்த பிரட்டலை இலையில் வைத்தேன். ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உட்கார்ந்து அந்த இலையிலேயே சாப்பிட்டேன்.

ரிசல்ட்டில் கெட்ட கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. கிளினிக் டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, “நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது” என்றார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மாத்திரையை அவர் படத்தின் முன்னால் வைத்தேன்.

“நான் பெயில் லா. நீங்களும் ஒரு தடவை பெயிலாகியிருக்கக் கூடாதாங்க?”